முந்திச் சொன்ன சாட்சி

வெங்காயம் உரிக்க உட்கார்ந்த எப்சிபாவின் கண் வெங்காயத்தில் இல்லை, மடியில் கிடந்த போனில் இருந்தது. அது அடித்துத் தொலைத்தால்கூடப் பரவாயில்லை. அடிக்காமலே அடிக்கிற மாதிரி பாவனை காட்டிக்கொண்டு கிடந்தது. தொடையில் ஒரு நடுக்கம் வரும், பதறி எடுத்துப் பார்த்தால் திரையில் ஒன்றும் இருக்காது, தொடைதான் தன்பாட்டுக்கு நடுங்கியிருக்கும். ரிப்போர்ட்டை மத்தியானத்துக்கு மேல் தருவோம் என்று திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். மத்தியானத்துக்கு மேல் என்றால் எப்போது? ரெண்டு மணியும் மத்தியானத்துக்கு மேல்தான், ராத்திரியும் மத்தியானத்துக்கு மேல்தான். இதைத் தெளிவாகக் கேட்டுக்கொண்டு வந்திருக்கலாமே இந்த மனுஷன், கேட்கமாட்டார், டாக்டர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டு வருவார், அத்தனை பெரிய கவர்மெண்ட் பஸ்ஸை நாகர்கோவில் வரைக்கும் விரட்டிக்கொண்டு போகிற ஆள், வெள்ளைக் கோட்டைக் கண்டால் வாய் திறக்காது. அவள் புருஷன் அருமைநாயகத்தின் கழுத்தில், இடது காதுக்குக் கீழே, புளியங்கொட்டை பெருசுக்கு ஒரு கட்டி. புளியங்கொட்டை பெருசு என்று முதலில் சொன்னது அவள்தான். பிறகு அது நெல்லிக்காய் ஆனது. ஊசி குத்தி எடுத்துப் பார்த்தார்கள், அது போதாது என்று துளி சதையை வெட்டி டெஸ்டுக்கு அனுப்பினார்கள், அது கேன்சரா இல்லையா என்று இன்றைக்குத் தெரிந்துவிடும். நானும் வாரேன் என்று காலையில் சேலையை மாற்றிக்கொண்டு நின்றவளை அவர்தான் தடுத்தார். “நீ வராத. டாக்டர் வாயைத் தொறக்கதுக்கு முந்தியே மயங்கி விழுவ. பொறவு எனக்கு வைத்தியம் பாக்கதா, உனக்குப் பாக்கதா? நீ அசனத்துக்கு வெங்காயம் உரிக்கப் போ.” சொல்லிவிட்டு மருமகன் ஜெபராஜின் பைக்கில் ஏறி உட்கார்ந்து ஒரு சிரிப்பு வேறு சிரித்தார். அதனால்தான் அவள் இங்கே இருக்கிறாள்.

நாளைக்கு ஞானபுரம் கோயிலில் அசனம். இருக்கிறவன் இல்லாதவன் என்று பார்க்காமல் ஊர் மொத்தமும் கோயில் வளாகத்தில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிற வருஷ விருந்து. முந்தின நாள் சாயங்காலம் வீட்டுக்கு ஒரு பொம்பிளை கத்தியும் கையுமாக வந்துவிட வேண்டும், வராதவளை அடுத்த அசனம் வரைக்கும் பேசியே கொன்றுவிடுவார்கள். அப்படி வந்தவர்கள் பந்தலுக்குக் கீழே கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள், இந்தப் பக்கம் கத்தரிக்காய், அந்தப் பக்கம் தேங்காய், நடுவில் மலையாகக் குவித்த சின்ன வெங்காயம். அவள் வராமல் இருந்திருந்தால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள், ஆஸ்பத்திரிக்கு என்று சொன்னால் அதுதான் சரியாகிவிட்டதே, ஆஸ்பத்திரிக்கு எதற்கு என்று கேட்பார்கள். அங்கேதான் சிக்கல். எந்தப் பக்கம் யோசித்துப் போனாலும் கடைசியில் அங்கே வந்துதான் இடித்துக்கொள்கிறது. பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் அன்றைக்கு அவள் எழுந்திருக்காமல் இருந்திருக்கலாம். ஜெபக்குறிப்பு சொல்லத்தான் எழுந்தாள், என் வீட்டுக்காரருக்குக் கழுத்தில் கட்டி, எல்லாரும் ஜெபம் பண்ணிக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான். பக்கத்தில் இந்த ரத்தினபாய் அக்கா இருந்தாள். எங்கேயோ கன்வென்ஷனில் கேட்டுக்கொண்டு வந்ததை வழியெல்லாம் ஓதிக்கொண்டே வந்திருந்தாள். “குணமாக்கும் குணமாக்கும்னு கெஞ்சுனா அது அவிசுவாசம்ளா எப்சி. குணமாக்கினீரேன்னு ஸ்தோத்திரம் சொல்லு. கேக்கும்போதே கிடைச்சிட்டுன்னு சொல்லணும், அதான் விசுவாசம்.” எழுந்து நின்றாளா, நாக்கு புரண்டுவிட்டது. “என் வீட்டுக்காரர் கழுத்துல இருந்த கட்டியை ஆண்டவர் குணமாக்கினார்.” சொன்னது அவ்வளவுதான். அல்லேலூயா என்று யாரோ கத்தினார்கள், கை தட்டினார்கள், போதகர் ஐயரின் மனைவி ஐயரம்மா எழுந்து வந்து அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், அந்தப் பிடிக்குள்ளிருந்து இல்லை ஐயரம்மா, நான் சொல்ல வந்தது அதில்லை என்று எப்படிச் சொல்வது? வெட்கம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வேண்டாம், சொன்னது சொன்னபடியே நடந்துவிட்டால், வாயைத் திறந்து நாமே அதைக் கெடுப்பானேன் என்று ஒரு பேராசை. ஜெபம் கேட்க எழுந்தவள் சாட்சி சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். நடக்காத ஒன்றுக்குச் சாட்சி!

“என்னளா எப்சி, ஒரு வெங்காயத்தையே அரை மணி நேரமா தடவிக்கிட்டு இருக்க?” ரத்தினபாய் எதிரிலிருந்து கேட்டாள். அவள் கை மட்டும் மெஷின் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. “நாளைக்கு உங்க வீட்டு ஆளை மொதப் பந்தியில உக்கார வைக்கணும்னு ஐயர்ட்ட சொல்லியிருக்கேன். சாட்சியுள்ள மனுஷன்லா.”

“அதெல்லாம் எதுக்குக்கா,” என்றாள் எப்சிபா.

“எதுக்கா? நல்லா கேட்ட போ. ஆண்டவர் செஞ்சதை மூடி வைக்கப்பிடாதுளா.” ரத்தினபாய் உரித்த வெங்காயத்தை வட்டையில் போட்டாள். அவளுக்குக் கள்ளம் கிடையாது, பாவம், அவள் சந்தோஷம் அசல் சந்தோஷம். அதுதான் எப்சிபாவுக்கு இன்னும் வலித்தது.

அந்தச் சாட்சிக்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் அவளால் தாண்டவே முடியவில்லை. ஆராதனையில் வியாதியஸ்தருக்காக ஜெபிக்கிற நேரம் வந்தது. ஐயர் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டு வந்தார், தாசையா, மூட்டு வலிக்காரி மரியம்மாள், டயாலிசிஸுக்குப் போகிற வாத்தியார். முக்காட்டுக்குள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அருமைநாயகம் என்கிற பெயருக்காகக் காத்திருந்தாள். அதற்கு முந்தின வாரம் வரைக்கும் வந்த பெயர். வரவில்லை. வாத்தியாரோடு நின்றுவிட்டது, எல்லாரும் ஆமென் சொன்னார்கள். எப்படி வரும்? குணமான ஆளுக்கு எதற்கு ஜெபம்? இத்தனை பேர் முழங்காலில் நின்று தாங்கிக்கொண்டிருந்த மனுஷனை ஒரே ஒரு வார்த்தையில் அவள் கீழே போட்டுவிட்டாள். பக்கத்து ஆண்கள் வரிசையில் அவர் ஒன்றும் தெரியாமல் தலை குனிந்து நின்றுகொண்டிருந்தார். சரி, ஊர் ஜெபிக்காவிட்டால் போகட்டும், நான் இருக்கிறேனே என்று வீட்டில் வந்து முழங்காலில் நின்றால், வாய் வரவில்லை. ஆண்டவரே அவரைக் குணமாக்கும் என்று தொடங்கினால், குணமாக்கினார் என்று சபையில் சொன்னாயே, அது என்ன என்று உள்ளே ஒன்று கேட்கிறது. சரி, குணமாக்கினீரே ஸ்தோத்திரம் என்று மாற்றினால், கட்டிலில் புரண்டு படுக்கிற அவர் கழுத்தில் அது முன்னைவிடப் பெரிதாகத் தெரிகிறது, யாரிடம் பொய் சொல்கிறாய் என்று கேட்கிறது. பைபிளில் பொய் சொன்ன புருஷனும் பெண்சாதியும் விழுந்து செத்த கதையை ஞாயிறு பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்துப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். பொய் சொன்னவள் நான், என்னை அல்லவா தள்ள வேண்டும், அவரைத் தள்ளிவிடாதேயும் என்று ஆரம்பித்து, அதுவும் அவிசுவாசமோ என்று பயந்து, கடைசியில் ஒன்றுமே கேட்காமல் ஆமென் சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வாள். படுத்தால் தூக்கமா வருகிறது? கவலை என்பது அவளுக்குப் புதிதில்லை. சிலிண்டர் தீர்ந்துவிடுமோ என்று கவலைப்படுவாள், தீராமல் இருந்தால் லீக் ஆகிறதோ என்று கவலைப்படுவாள், மகளுக்குப் பிள்ளை உண்டாகவில்லை என்று அழுதாள், உண்டானதும் அதை நினைத்து அழுதாள். எதற்கும் அவர் “ஒண்ணும் இல்லளா, சும்மா கிட” என்பார், அந்த ஒரு சொல்லில் பாதிக் கவலை அடங்கிவிடும். இப்போது அந்தச் சொல் வருகிற தொண்டையிலேயே அல்லவா கட்டி வந்து உட்கார்ந்திருக்கிறது. அவர் அசந்து தூங்குகிறபோது மெல்லக் கையை வைத்துப் பார்ப்பாள். டீசல் வாடையும் பவுடர் வாடையும் கலந்த அந்தக் கழுத்து, முப்பது வருஷமாகத் தெரிந்த கழுத்து, அதில் தெரியாத ஒன்று விரலுக்குக் கீழே அசையாமல் இருக்கும். கையை எடுக்கவும் பயம், வைத்திருக்கவும் பயம். பந்தலில் உட்கார்ந்தபடி நிமிர்ந்தால் கோயிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டத்துச் சுவர் தெரிந்தது. அவர் அப்பாவுடையதற்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாகக் கிடக்கிறது. ச்சீ, என்ன புத்தி இது, அவர் பைக்கில் சிரித்துக்கொண்டு போனவர், நான் இங்கே இடம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தலையைக் குனிந்துகொண்டாள். உடம்பு முழுக்க அப்படி ஓர் அசதி, அடித்துப் போட்டது போல. அந்த வெங்காயத்தைப் பிடித்திருக்கக்கூட விரலில் தெம்பு இல்லை.

“அருமைநாயகம் அண்ணன் எங்க, ஆளையே காணும்?” கத்தரிக்காய்ப் பக்கத்திலிருந்து ஞானதீபம் கேட்டாள். தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கிறவள், எப்சிபா வயசுதான், கேட்க நினைத்ததைச் சட்டென்று கேட்டுவிடுகிறவள். “பந்தல் கட்ட மொத ஆளா வந்து நிப்பாகளே.”

தூத்துக்குடியில் ஒரு கல்யாணம் என்று சொல்ல வாயைத் திறந்தாள் எப்சிபா. காலையிலேயே யோசித்து வைத்திருந்த பொய். யார் கல்யாணம் என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தாள். ஆனால் அந்தப் பொய்யைச் சொல்லி, அதற்கு மேல் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, நாளைக்கும் அதை ஞாபகம் வைத்துக்கொண்டு திரிய வேண்டுமே என்று நினைத்ததும் அப்படியே சோர்ந்துவிட்டது. முடியாது. இனி ஒரு பொய்யைக்கூடத் தூக்கிச் சுமக்க முடியாது. தைரியம் வந்து சொன்னாள் என்றெல்லாம் சொல்லக்கூடாது, தைரியமாவது மண்ணாவது, இருந்த கொஞ்சநஞ்ச சக்தியும் தீர்ந்துபோனதால்தான் சொன்னாள்.

“ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காக. இன்னைக்குத்தான் ரிப்போர்ட். அவுகளுக்குக் குணமாகல.” வெங்காயத்தைக் கீழே வைத்தாள். “நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. ஜெபம் பண்ணுங்கன்னு சொல்லத்தான் எந்திச்சேன், வாயி குழறி குணமாக்கினார்னு சொல்லிட்டேன். பொறவு மாத்திச் சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

தேங்காய்ப் பக்கத்தில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

“அடப் பாவி மக்கா!” ரத்தினபாய்தான் முதலில் பேசினாள். “நல்லபடியா விசுவாசத்தை அறிக்கை பண்ணிட்டு இப்ப வாயால கெடுத்துட்டியேளா. இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்திருக்கப்பிடாதா? அது அவிசுவாசம்லா!”

“நீங்க சும்மா இருங்கக்கா,” என்றாள் ஞானதீபம். கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து எப்சிபாவுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். “அவ புருஷன் அங்க உக்காந்திருக்காக, விசுவாசமாம் அவிசுவாசமாம். ஏட்டி, இத்தனை நாளும் இதை வச்சுக்கிட்டா திரிஞ்ச? எங்கிட்டயாவது சொல்லப்பிடாதா? இரு, இப்பவே ஜெபம் பண்ணுவோம்.”

முக்காடு போட வேண்டும், கையெல்லாம் வெங்காயம். ஆளாளுக்கு முழங்கையால் முந்தானையைத் தலைக்குத் தள்ளிக்கொண்டார்கள், அது வழுக்கி வழுக்கி விழுந்தது, கடைசியில் விட்டுவிட்டார்கள். ஞானதீபம் நீட்டி முழக்கவில்லை. அருமைநாயகம் அண்ணனை ஆண்டவர் கையில் கொடுக்கிறோம் என்றாள், அருமைநாயகம் அண்ணனுக்கு இரங்கும் என்றாள், எப்சிபாவுக்குத் தூக்கத்தைக் கொடும் என்றாள். அந்தப் பெயர். போன ஞாயிற்றுக்கிழமை வராத பெயர், வாத்தியாருக்குப் பிறகு விட்டுப்போன பெயர், பத்துப் பதினைந்து பொம்பிளைகள் வாயில் முணுமுணுப்பாக வந்தது, ரத்தினபாய் வாயிலும் வந்தது, அவள்தான் எல்லாரையும்விடச் சத்தமாக அழுதுகொண்டு சொன்னாள், குணமாக்கும் ஆண்டவரே, குணமாக்கும் என்று! எப்சிபாவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டிருந்தவளுக்கு என்னவோ மகள் ஞாபகம் வந்தது. சின்னதில் அதற்கு நேத்து, நாளைக்கு என்கிற வித்தியாசமே பிடிபடாது. நேத்து நான் பள்ளிக்கூடம் போவேன்மா, நீலச் சட்டை எடுத்து வையி என்று சொல்லும். எப்சிபா ஒரு நாளாவது குழம்பினாளா? நேத்து எப்படிடி போவ என்று கேட்டுச் சட்டையை எடுத்து வைக்காமல் இருந்தாளா? என்ன சொல்ல வருகிறது என்று அம்மாவுக்குத் தெரியாதா? அப்படி இருக்க, கூட்டத்தில் எழுந்து நின்ற பதற்றத்தில் இவள் ஆகும் என்பதற்கு ஆச்சு என்று சொல்லிவிட்டாளாம், அதைப் பிடித்துக்கொண்டு ஆண்டவர் அங்கே கணக்கை முடித்துவிட்டு உட்கார்ந்திருப்பாராம். அவரை என்னவென்று நினைத்துவிட்டேன், தாலுகா ஆபீஸ் குமாஸ்தா என்றா? எழுந்து நிற்கும்போதே அவருக்குத் தெரியும், வாய் திறப்பதற்கு முந்தியே தெரியும், ராத்திரி ஒன்றும் கேட்காமல் ஆமென் மட்டும் சொன்னாளே, அந்த ஆமெனுக்குள் என்ன இருந்தது என்றும் தெரியும். நான் சரியாகச் சொன்னால்தான் அவர் அருமைநாயகத்தைத் தாங்குவார் என்றால், அப்புறம் தாங்குவது நானா அவரா? நான் தாங்கி எந்தக் காலத்தில் எது நின்றது. நான் அசந்து தூங்கின நேரத்திலும் மகள் வளர்ந்தாள், பஸ் போய்ப் போய் வந்தது. அப்படியே முதுகைப் பந்தல் காலில் சாய்த்துக்கொண்டாள். கட்டி போய்விட்டது என்று அவளுக்குத் தோன்றவில்லை. போகாமலும் இருக்கலாம். ஆனாலும் மூச்சு அடிவயிறு வரைக்கும் போய்த் திரும்பி வந்தது, அப்படி மூச்சு விட்டே பல நாள் ஆகியிருந்தது.

எல்லாரும் அவரவர் இடத்துக்குப் போனார்கள். ரத்தினபாய் மூக்கைச் சிந்திக்கொண்டே, “வெங்காயம் காரம்,” என்றாள். எப்சிபா உரிக்க ஆரம்பித்தாள், இந்தத் தடவை கண் வெங்காயத்தில்தான் இருந்தது, ஒரு வட்டை நிறைந்து இன்னொன்று பாதி ஆன பிறகு போன் அடித்தது. நிஜமாகவே அடித்தது. சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். அந்தப் பக்கம் பஸ் ஹாரன், யாரோ டோக்கன் நம்பர் கூப்பிடுகிற சத்தம், அவர் மூச்சு.

“எப்சி.”

“சொல்லுங்க.”

“அதுதானாம்ளா.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சுற்றி இருந்த கத்திகள் எல்லாம் நின்றுவிட்டன. உள்ளே ஒன்று இடிந்து விழும் என்று இத்தனை நாளும் பயந்துகொண்டிருந்தாளே, அது விழத்தான் செய்தது, கேட்டது, வலித்தது, அய்யோ என்று வாய்க்குள்ளேயே சொன்னாள். ஆனால் அது விழுந்த பிறகும் அவள் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள், அவர் சொல்வதெல்லாம் காதில் தெளிவாக விழுந்தது.

“ஆப்பரேசன் பண்ணணுமாம். பொறவு ரேடியேசனாம், கரண்டு வைக்கணுமாம். முந்தியே பாத்துட்டோம், சரியாக்கிரலாம்னுதான் சொல்லுதாரு. ஜெபராஜ் எல்லாம் கேட்டு வச்சிருக்கான்.” அடுத்து வந்தது அவர் குரல் மாதிரியே இல்லை. “எனக்குப் பயமா இருக்குளா.”

முப்பது வருஷத்தில் அந்த வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. பிரேக் பிடிக்காமல் பஸ் பள்ளத்தில் இறங்கின அன்றைக்குக்கூட வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஜெபம் என்றாலே நீ பண்ணு, நான் ஆமென் போடுதேன் என்று கேலி பேசுகிற மனுஷன்.

“ஒரு ஜெபம் பண்ணேன்ளா,” என்றார். “இப்பவே பண்ணு. போன்லயே.”

ஞானதீபம் எழுந்திருக்கப் பார்த்தாள், நான் பண்ணட்டுமா என்கிற மாதிரி கையைக் காட்டினாள். எப்சிபா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஜெபத்துக்கென்று வாயில் வழக்கமாக வருகிற நீர், உம்முடைய, தேவரீர் ஒன்றும் வரவில்லை. வீட்டுப் பேச்சுதான் வந்தது, அதையே பேசினாள்.

“அப்பா, இவுகளுக்குப் பயமா இருக்காம். எனக்கும்தான். நீங்க இவுக கூடவே இருங்க. ஆஸ்பத்திரியிலயும் இருங்க, வார வழியிலயும் இருங்க, கரண்டு வைக்கும்போதும் இருங்க. எங்களால ஒண்ணும் முடியாது. நீங்க பாத்துக்கிடுங்க. ஆமென்.”

அந்தப் பக்கத்திலிருந்து ஆமென் கரகரவென்று வந்தது. பின்னாலேயே பைக் ஸ்டார்ட் ஆகிற சத்தம்.

“வரட்டுமா?” என்றார்.

“மெதுவா வாங்க,” என்றாள் எப்சிபா. “ஒண்ணும் இல்ல. நான் இங்கதான் இருக்கேன்.”